பழைய டிஎஸ்எல்ஆரில் மேனுவல் ஃபோகஸ்: வியூஃபைண்டரில் கூர்மை, படத்தில் இல்லை

#1 பொருநை (திருநெல்வேலி)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி90. 2008-ல் வந்த மாடல், நான் இரண்டு வருடம் முன்பு ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் 50 மி.மீ. எஃப்/1.8 ஏஐ-எஸ் லென்ஸ் கிடைத்தது, கையால் மட்டும் ஃபோகஸ் செய்யும் பழைய வகை. அவர் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவில் மாட்டி வைத்திருந்தது. கண்ணாடியில் பூஞ்சை இல்லை, ஃபோகஸ் ரிங் இன்னும் சீராகச் சுற்றுகிறது.

டி90-ல் இந்த லென்ஸுக்கு ஒளி அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் மோடில் மட்டும்தான் எடுக்க முடியும் என்பது தெரியும். அதை ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச வரைபடம்) பார்த்துச் சமாளித்துக்கொள்கிறேன். பிரச்சினை ஃபோகஸ்தான்.

ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஒன்றரை மீட்டர் தூரம், எஃப்/1.8 (லென்ஸின் துளை முழுக்கத் திறந்து), நல்ல காலை வெளிச்சம். கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். வியூஃபைண்டரில் இமை முடி வரை தெளிவாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் கண் மங்கல், காதில் தொங்கும் பாம்படம் மட்டும் அப்படியே செதுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. அன்று எடுத்த பதினாறு படங்களில் ஒன்றில்கூடக் கண் கூர்மையாக இல்லை. ஆச்சிக்கு வயது 87. அப்பாவின் லென்ஸில் அவரை ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

எனக்குக் கண்ணாடி போடும் அளவுக்குப் பார்வைக் குறை இல்லை. கோளாறு லென்ஸிலா, கேமராவிலா, என் கையிலா?

#2 நீலமலை (கோவை)

வணக்கம் பொருநை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வியூஃபைண்டரில் தெரிகிற கூர்மையை அப்படியே நம்ப வேண்டாம். ஆட்டோஃபோகஸ் காலத்துக் கேமராக்களில் இருக்கும் ஃபோகஸிங் ஸ்கிரீன் (வியூஃபைண்டரில் நாம் பார்க்கும் படம் வந்து விழும் சொரசொரப்பான தகடு) வேறு நோக்கத்துக்காகச் செய்யப்பட்டது. எஃப்/3.5, எஃப்/5.6 கிட் ஜூம் போட்டாலும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று அதன் சொரசொரப்பை மிகவும் குறைத்திருப்பார்கள். அதனால் லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி நம் கண்ணுக்குத் திரும்புவதில்லை, நடுப்பகுதி ஒளிதான் வருகிறது. நீங்கள் எஃப்/1.8-ல் பார்ப்பதாக நினைப்பீர்கள், கண்ணுக்குக் கிடைப்பது ஏறக்குறைய எஃப்/2.8-ன் ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரம்). கூர்மையான பகுதி நிஜத்தைவிட அகலமாகத் தெரியும். அந்த அகலத்துக்குள் எங்கே நிறுத்தினாலும் சரி என்றே தோன்றும்.

நான் இதை என் கேனன் 5டி-யில் கண்ணால் பார்த்தேன். 2005-ல் வந்த முதல் 5டி, லைவ் வியூ (பின்திரையில் பார்த்தே எடுக்கும் வசதி) கிடையாது. அதில் அடாப்டர் வைத்து நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.4 மாட்டுகிறேன். லென்ஸ் மாட்டும் மவுண்டிலிருந்து சென்சார் வரை நிக்கானில் 46.5 மி.மீ., கேனனில் 44. நடுவில் உள்ள 2.5 மி.மீ. இடத்தில் அடாப்டர் உட்கார்ந்துகொள்ளும், இன்ஃபினிட்டி (வெகு தூரம்) வரை ஃபோகஸும் கிடைக்கும். இந்த அமைப்பில் துளையை மூடித் திறக்கும் நெம்புகோல் கேமராவில் இல்லை என்பதால், வளையத்தைத் திருப்பினால் துளை உடனே சுருங்கும். எஃப்/1.4-லிருந்து எஃப்/2-க்குத் திருப்பினேன், வியூஃபைண்டரில் ஒரு மாற்றமும் இல்லை. எஃப்/2.8-ஐத் தாண்டிய பிறகுதான் இருள ஆரம்பித்தது. பாதி ஒளியை வெட்டினேன், கண்ணுக்குத் தெரியவே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

5டி-க்கு ஈஈ-எஸ் என்ற ஸ்கிரீனை வாங்கிப் போட்டேன். எஃப்/2.8-ம் அதைவிட வேகமான லென்ஸ்களும் வைத்திருப்பவர்களுக்காகச் செய்தது. மாற்றியதும் கேமராவின் கஸ்டம் ஃபங்க்ஷனில் எந்த ஸ்கிரீன் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் தவறாகக் காட்டும். இப்போது ஃபோகஸ் சட்டென்று வந்து சட்டென்று போகிறது. எஃப்/4 ஜூம் போட்டால் மட்டும் இருட்டாக இருக்கிறது.

#3 வெளிச்சம்22 (சென்னை)

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய லென்ஸில் இவ்வளவு ஆசை இருந்தால் உள்ளே கண்ணாடி இல்லாத பழைய மிரர்லெஸ் பாடி ஒன்று வாங்கிவிடலாமே? சென்சார் பார்ப்பதைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். கூர்மையான ஓரங்களை நிறம் போட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் இருக்கும், பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை.

#4 இருட்டறை (தஞ்சாவூர்)

வெளிச்சம் தம்பி சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளையிடம் இருக்கும் கேமராவில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். டி90 நல்ல கேமரா. படத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பி அனுப்ப உள்ளே கண்ணாடிப் பென்டாபிரிசம் இருக்கிறது. அதைவிட மலிவான பாடிகளில் வரும் பென்டாமிரரைவிட வெளிச்சம்.

பொருநை தம்பி, டயாப்டரைச் சரிசெய்திருக்கிறாயா? வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரம், பார்ப்பவரின் கண் பவருக்கு வியூஃபைண்டரைச் சரிசெய்வது. நாற்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தேன், வேலைக்கு வந்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் தப்பாகத்தான் திருப்புவார்கள். எதிரே இருக்கும் காட்சியைப் பார்த்துக்கொண்டே திருப்புவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. லென்ஸை முழுக்க ஃபோகஸ் தவறவிட்டு வெறும் சுவரைப் பார். சுவர் மங்கலாக இருக்கட்டும். அந்த மங்கலின் மேல் ஃபோகஸ் புள்ளிகளின் சின்னக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் ஊசிமுனை மாதிரி ஆகும் வரை சக்கரத்தைத் திருப்பு. அப்புறம் கண்ணை எடுத்து, தூரத்தில் எதையாவது பத்து விநாடி பார்த்துவிட்டு மறுபடி பார். முதல் பார்வையிலேயே கோடு கூர்மையாக இருந்தால் சரி. கண்ணைச் சுருக்கிப் பிடித்தால்தான் கூர்மையாகிறது என்றால் இன்னும் சரியாகவில்லை. உன் வயதில் கண் தானாகவே இழுத்துப் பிடித்துக் கூர்மையாக்கிக்கொள்ளும், அதனால் தப்பு தெரியாமலே போகும்.

இன்னொன்று. உன் அப்பா பார்த்த எஃப்எம்2-வும் நீ பார்க்கும் டி90-ம் ஒன்றல்ல. எஃப்எம்2-வில் நடுவில் பிளந்த வட்டம் இருக்கும். ஜன்னல் கம்பி அதில் இரண்டாக உடைந்து தெரியும், ரிங்கைத் திருப்பினால் வந்து ஒட்டும். ஒட்டினால் ஃபோகஸ். அதைச் சுற்றி மைக்ரோபிரிசம் வளையம், ஃபோகஸ் தவறினால் பொடிப்பொடியாக மினுக்கும். அளவும் பெரிது. எஃப்எம்2-வின் உருப்பெருக்கம் 0.86. டி90-க்கு 0.94 என்று போட்டிருப்பார்கள், ஆனால் சென்சார் சின்னது என்பதால் 1.5-ஆல் வகுக்க வேண்டும், 0.63தான் வரும். உன் அப்பா பார்த்த முகத்தில் முக்கால் பங்கு அளவுக்குத்தான் நீ பார்க்கிறாய்.

ரிங்கைத் திருப்பும் முறையும் இருக்கிறது. கூர்மை வந்ததும் நிற்காதே. தாண்டிப் போ, மங்கும் வரை. திரும்பி வா, மறுபக்கம் மங்கும் வரை. ஆட்டத்தைக் குறைத்துக் குறைத்து நடுவில் நில். தராசு முள் நிற்பது மாதிரி.

#5 பொருநை

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி சுவரைப் பார்த்துத் திருப்பினேன். இத்தனை நாள் இரண்டு சொடுக்கு தள்ளியிருந்திருக்கிறது! இப்போது கோடுகள் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் படம் அதேதான். நேற்று மாலை மறுபடி ஆச்சியை எடுத்தேன், மறுபடியும் பாம்படம்தான்.

வெளிச்சம் நண்பரே, இப்போதைக்குப் புது பாடி வாங்கும் நிலையில் இல்லை. அதோடு இந்தக் கேமராவில் இதை முடித்துப் பார்த்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது.

#6 கயல்_கே10 (மதுரை)

பொருநை தம்பி, "மறுபடியும் பாம்படம்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம் வருகிறது. கை தவறினால் ஒரு படம் மூக்கில் நிற்கும், ஒன்று காதில் நிற்கும், ஒன்று தற்செயலாகக் கண்ணில் விழுந்துவிடும். பதினாறும் ஒரே பக்கம் போவது கையின் வேலை மாதிரித் தெரியவில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். தீப்பெட்டி ஐந்து எடுங்கள். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள், ஆனால் ஒவ்வொன்றும் முந்தினதைவிட 2 செ.மீ. பின்னால், படிக்கட்டு மாதிரி. லேபிள் படம் கேமராவைப் பார்க்கட்டும், அதில் இருக்கும் பொடி எழுத்து ஃபோகஸ் பார்க்க நன்றாக இருக்கும். கேமராவை ட்ரைபாடில் வையுங்கள், நடுப்பெட்டிக்கு சரியாக 1 மீட்டர். எஃப்/1.8. செல்ஃப் டைமர் போட்டு எடுங்கள்.

முதலில் கண்ணால் மட்டும் பார்த்து நடுப்பெட்டியில் ஃபோகஸ் வைத்துப் பத்துப் படம். ஒவ்வொரு படத்துக்கும் ரிங்கை முழுக்கக் கலைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், இது முக்கியம். அடுத்த பத்து, கண்ணை மறந்துவிட்டு வியூஃபைண்டரின் ஓரத்தில் எரியும் ஃபோகஸ் புள்ளியை மட்டும் பார்த்து. கடைசியாக லைவ் வியூவில் பெரிதாக்கி ஒன்றிரண்டு. மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள்.

புள்ளி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது ஒரே இடத்தில் எரிவதில்லை, ரிங்கைக் கொஞ்ச தூரம் திருப்பும் வரைக்கும் எரிந்துகொண்டே இருக்கும். ஆட்டோஃபோகஸ் சென்சார் எஃப்/5.6 லென்ஸுக்கும் வேலை செய்ய வேண்டும் என்று அமைத்தது. எஃப்/1.8-ன் மெல்லிய ஆழத்துக்கு அதன் கணக்கு கொஞ்சம் தாராளம். அதனால் எங்கே எரிய ஆரம்பிக்கிறது, எங்கே அணைகிறது என்று பார்த்து நடுவில் நிறுத்துங்கள். டி90-ல் ஃபோகஸ் பார்க்கும் இடங்கள் பதினொன்று, அவற்றில் நடுவில் இருப்பதுதான் குறுக்கு வகை (நெடுக்குக் கோடு, கிடைக்கோடு இரண்டையும் பார்க்கும்), அதையே பயன்படுத்துங்கள்.

#7 ஸ்கார்பரோ_மாமா (டொராண்டோ)

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறன். டயாப்டர் பற்றி ஐயா எழுதினதோட ஒன்றைச் சேர்க்க வேணும். என்னை மாதிரி ஐம்பது தாண்டி, புரோகிரசிவ் கண்ணாடி போடுகிற ஆட்களுக்கு இது. அந்தக் கண்ணாடியில் மேலே ஒரு பவர், கீழே ஒரு பவர். கேமராவைக் கண்ணில் வைக்கும்போது தலை கொஞ்சம் சரிந்தாலும் வேறு பவருக்குள்ளால பார்க்கிறம். ஒருக்கால் கூர்மை, ஒருக்கால் இல்லை. ஒரு வருஷம் லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தன். வியூஃபைண்டரில் தெரியிற படம் கண்ணுக்கு ஒரு மீட்டர் அளவு தூரத்தில் இருக்கிற மாதிரி அமைந்தது, வாசிக்கிற தூரம் இல்லை. இப்ப கண்ணாடியைக் கழற்றிவிட்டு டயாப்டரைச் சரிசெய்து எடுக்கிறன். டி90-ல் அது −2 முதல் +1 வரை போகும், எனக்குப் போதும்.

அதோட, ஆட்கள் நடமாடுகிற இடத்தில் நான் ஃபோகஸ் பார்க்கிறதே இல்லை. 28 மி.மீ. லென்ஸ், எஃப்/8, ரிங்கை 5 மீட்டரில் வைத்தால் இரண்டரை மீட்டரிலிருந்து இன்ஃபினிட்டி வரைக்கும் போதுமான கூர்மை. ஆனால் லென்ஸின் மேல் பொறித்திருக்கிற ஆழக் கோடுகளை அப்படியே நம்பக் கூடாது. அது 35 மி.மீ. ஃபிலிமுக்குப் போட்ட கணக்கு. டி90 மாதிரிச் சின்ன சென்சாரில் எஃப்/8-ல் எடுக்கும்போது எஃப்/5.6-க்கான கோட்டைப் பாருங்கோ.

தம்பியின் ஆச்சிக்கு இது உதவாது, எஃப்/1.8-ல் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்த ஆழமே 6 செ.மீ.தான். வாசிக்கிற மற்றவைக்காக எழுதினன்.

#8 பொருநை

அக்கா சொன்னபடியே செய்தேன். ஞாயிறு முழுக்க இதுதான் வேலை. முடிவு:

கண்ணால் பார்த்து எடுத்த பத்தில் ஒன்பது படங்களில் நடுப்பெட்டிக்குப் பின்னால் இரண்டாவது பெட்டி கூர்மை, அதாவது 4 செ.மீ. பின்னால். ஒன்று மட்டும் நடுப்பெட்டிக்கு அடுத்து பின்னால் இருந்த பெட்டியில் நின்றது. நடுப்பெட்டியில் ஒன்றும் இல்லை.

புள்ளியை மட்டும் பார்த்து எடுத்த பத்தில் ஆறு நடுப்பெட்டி. மீதி நான்கில் இரண்டு ஒரு பெட்டி முன்னால், இரண்டு ஒரு பெட்டி பின்னால்.

லைவ் வியூவில் பெரிதாக்கி எடுத்த மூன்றும் நடுப்பெட்டி. லேபிளில் இருந்த மயிலின் தோகையில் ஒவ்வொரு கோடும் தெரிகிறது. லென்ஸ் இவ்வளவு நல்ல லென்ஸ் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அப்படியானால் கேமராவில்தான் ஏதோ இருக்கிறது, இல்லையா?

#9 திருகாணி (திருச்சி)

இவ்வளவு சுத்தமாகச் சோதனை செய்து எழுதியதற்கு முதலில் நன்றி. இதை வைத்து உறுதியாகப் பேசலாம்.

கேமராவுக்குள் ஒளி மூன்று இடங்களில் போய் விழுகிறது. லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே போய் ஃபோகஸிங் ஸ்கிரீனில் விழுவது ஒன்று, அதைத்தான் நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியைக் கசிய விடும். அது பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் பட்டுக் கீழே உள்ள ஆட்டோஃபோகஸ் சென்சாரில் விழுவது இரண்டு, புள்ளி எரிவது அதனால். கண்ணாடி தூக்கிய பிறகு படச் சென்சாரில் விழுவது மூன்று. லென்ஸிலிருந்து இந்த மூன்றுக்கும் ஒளி போகும் தூரம் சரிசமமாக இருக்க வேண்டும். உங்கள் கேமராவில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகின்றன. முதலாவது மட்டும் விலகி நிற்கிறது. ஆகவே லென்ஸ் சரி, உங்கள் கையும் சரி. ஸ்கிரீன் தன் இடத்தில் இல்லை.

எவ்வளவு விலகியிருக்கிறது என்றும் சொல்லலாம். தூரத்திலிருந்து குவியத்தூரத்தைக் கழித்து, குவியத்தூரத்தால் வகுத்து, வர்க்கம் எடுங்கள். 1000-ல் 50 போனால் 950. 50-ஆல் வகுத்தால் 19. வர்க்கம் 361. வெளியே 40 மி.மீ. தவறுகிறது என்றால் உள்ளே 40-ஐ 361-ஆல் வகுத்தது, 0.11 மி.மீ. அவ்வளவுதான், ஒரு தபால் கார்டின் தடிமன்கூட இல்லை. அதே 0.11-ஐ ஒன்றரை மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள்: 29-ன் வர்க்கம் 841, பெருக்கினால் 9 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஆச்சியின் கண்ணுக்கும் பாம்படத்துக்கும் இடையில் உள்ள தூரம் அது.

பின்னால் போவதால், ஸ்கிரீன் இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கேமராவை யாராவது திறந்திருக்கிறார்களா? ஸ்கிரீனைச் சுத்தம் செய்திருக்கிறார்களா?

#10 பொருநை

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆமாம் அண்ணா. வாங்கிய புதிதில் வியூஃபைண்டரில் கறுப்பாகத் தூசி தெரிந்தது. ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். ஸ்கிரீனைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். ஆட்டோஃபோகஸ் லென்ஸ்தான் அப்போது என்னிடம் இருந்தது, எல்லாப் படமும் நன்றாகவே வந்தது. அதனால் ஒன்றும் தோன்றவில்லை.

#11 திருகாணி

ஆட்டோஃபோகஸுக்கு ஸ்கிரீன் தேவையே இல்லை, அதனால்தான் இரண்டு வருடம் வெளியே தெரியவில்லை.

ஸ்கிரீனுக்கு மேலே மெல்லிய ஷிம் தகடு ஒன்று சட்டம் மாதிரி இருக்கும். தொழிற்சாலையில் அந்தந்த பாடிக்கு அளந்து போடுவது. ஸ்கிரீனைக் கீழே இறக்கும்போது தகடு சிலசமயம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்து துணியில் விழுந்துவிடும். மறுபடி மாட்டும்போது அதை விட்டுவிட்டால் ஸ்கிரீன் அந்தத் தடிமன் அளவுக்கு மேலே போய்விடும். உங்கள் கேமராவில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்கிரீனைத் தலைகீழாகப் போட்டாலும் பின்னால் போகும், சொரசொரப்பான பக்கம் கீழே கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும். ஆனால் அப்படியென்றால் விலகல் இதைவிடப் பல மடங்கு இருக்கும்.

நீங்களே திறக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஸ்கிரீன் பிளாஸ்டிக், சொரசொரப்பான பக்கத்தில் விரல் பட்டால் தடம் போகாது. துணியால் துடைத்தால் கீறல் விழும், திரவம் எதையாவது ஊற்றினால் ஸ்கிரீனே போச்சு. காற்று ஊதும் பல்ப் தவிர வேறு எதுவும் அதன் பக்கத்தில் போகக் கூடாது. கண்ணாடி நிற்கும் கோணத்துக்கு ஒரு திருகு இருக்கிறது, இணையத்தில் அதைத் திருகச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். அதைத் தொட்டால் இப்போது சரியாக இருக்கும் ஆட்டோஃபோகஸும் சேர்ந்து கெட்டுப்போகலாம்.

ஃபிலிம் கேமரா பழுது பார்த்த பழைய மெக்கானிக் யாராவது இருந்தால் தேடிப் போங்கள். இந்தத் தீப்பெட்டிப் படங்களை பிரிண்ட் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.

#12 நீலமலை

அருமை திருகாணி! என் ஈஈ-எஸ் ஸ்கிரீனை மாற்றியபோதுகூட இப்படிச் சோதித்துப் பார்க்கவில்லை, இந்த வாரமே தீப்பெட்டி வாங்குகிறேன்.

பொருநை, சரியாகும் வரை புள்ளியை நம்பி எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்திலிருந்து, கிட்டத்திலிருந்து தூரத்தை நோக்கித் திருப்பி வாருங்கள். உங்கள் புள்ளி எந்தப் பக்கம் சாய்கிறது என்று நாலு நாளில் கைக்குப் பழகிவிடும். அசையாமல் இருப்பவர்களுக்கு ட்ரைபாட், லைவ் வியூ.

கேனன் 50டி, 550டி, 5டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் மேஜிக் லேன்டர்ன் என்ற கூடுதல் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். லைவ் வியூவில் பீக்கிங் கிடைக்கும்.

#13 வெளிச்சம்22

ஸ்கிரீனை எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள். அப்போதே எஃப்எம்2 மாதிரி பிளந்த வட்டம் உள்ள ஸ்கிரீனை வெட்டிப் போட்டுவிடலாம் அல்லவா? டி90-க்கு அளவெடுத்து வெட்டியது கிடைக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

#14 இருட்டறை

போடலாம். எனக்கும் அந்த வட்டத்தின் மேல் பிரியம் அதிகம், அதில்தான் பிழைத்தேன். ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். ஒரு கோளாறைச் சரிசெய்யும்போது இன்னொரு புதுச் சாமானை உள்ளே விட்டால், அப்புறம் தவறு எதனால் என்று தெரியாது. வெளியே வெட்டி விற்கும் ஸ்கிரீனின் தடிமன் நிக்கான் ஸ்கிரீனின் தடிமனோடு ஒத்துப்போக வேண்டும், அதற்கும் ஷிம் பார்க்க வேண்டும். மெதுவான லென்ஸ் போட்டால் வட்டத்தில் பாதி கறுத்துவிடும். அதோடு வட்டம் நடுவில்தானே இருக்கிறது? ஆச்சியின் கண்ணை நடுவில் வைத்து ஃபோகஸ் பிடித்துவிட்டு, அப்புறம் கேமராவைத் திருப்பிக் கண்ணை மேலே கொண்டுபோவான். ஒரு மீட்டரில் 10 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் 1.5 செ.மீ. பின்னால் போய்விடும். அங்கே இருக்கும் ஆழமே முன்னும் பின்னுமாக 1.3 செ.மீ.தான். வெறும் சொரசொரப்பில் ஃபோகஸ் பார்க்கக் கற்றுக்கொண்டால் கண் எந்த மூலையில் இருந்தாலும் அங்கேயே பார்க்கலாம்.

முதலில் இருக்கிற ஸ்கிரீனை அதன் இடத்தில் உட்கார வை தம்பி. செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் டிகே-21எம் என்ற ஐபீஸ் கிடைக்கிறதா பார். 1.17 மடங்கு பெரிதாகக் காட்டும்.

#15 கயல்_கே10

பென்டாக்ஸ் கே10டி வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஃபோகஸ் சுவிட்சை ஏஎஃப்.எஸ்-ல் வைத்து, மேனுவல் லென்ஸைப் போட்டு, பட்டனை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் வரும் வரை கேமரா படம் எடுக்காது. வந்த கணத்தில் தானாக எடுத்துவிடும். என் மகன் ஊஞ்சலில் ஆடும்போது ரிங்கை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் பட்டனை அழுத்திக் காத்திருப்பேன். அவன் அந்த இடத்துக்கு வரும்போது கிளிக். கைக்குலுக்கலைத் தடுக்கும் வசதி பாடியிலேயே இருப்பதால், லென்ஸ் மாட்டியதும் அதன் மி.மீ. அளவைக் கேட்கும். சரியாகக் கொடுங்கள்.

#16 பொருநை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

விசாரித்து விசாரித்து, மாடிப்படிக்குக் கீழே சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். தீப்பெட்டிப் படங்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. லென்ஸைக் கழற்றி, உள்ளே இருந்த கம்பிக் கவ்வியைச் சாமணத்தால் நெம்பினார். ஸ்கிரீன் கதவு மாதிரிக் கீழே இறங்கியது. ஓரக்காதைப் பிடித்து வெளியே எடுத்து விளக்கில் காட்டினார். திருகாணி அண்ணன் சொன்னது அப்படியே: தகடு இல்லை.

பித்தளைத் தகட்டில் சட்டம் மாதிரி வெட்டினார். முதலில் போட்டது பற்றவில்லை, ஒரு பெட்டி பின்னால் நின்றது. மறுபடி கழற்றி இன்னொன்று வெட்டினார். அவர் மேஜையிலேயே தீப்பெட்டிகளை அடுக்கி மூன்று முறை பார்த்தோம். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வேலையைச் செய்தார்.

வீட்டுக்கு வந்து அக்கா சொன்ன முறையில் கண்ணால் மட்டும் பார்த்துப் பத்துப் படம் எடுத்தேன். ஏழு நடுப்பெட்டி. இரண்டு ஒரு பெட்டி முன்னால், ஒன்று ஒரு பெட்டி பின்னால்.

நேற்றுக் காலை ஆச்சியை எடுத்தேன். இந்த முறை நானே திண்ணைத் தூணில் சாய்ந்து, முழங்கையை விலாவில் ஒட்டிவைத்து, ஐயா சொன்ன மாதிரி தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிறுத்தினேன். இடது கண்ணின் ஓரத்தில் கண்ணீர்ப் பசை மாதிரி ஒரு மினுக்கம், இமையில் நரைத்த முடி, கருவிழியில் எங்கள் வீட்டு வாசல் சின்னதாக. பாம்படம் மங்கலாக, வட்ட வட்டமாகப் பின்னால் இருக்கிறது. ஆச்சியிடம் காட்டினேன். திரையில் கையை வைத்துத் தடவிவிட்டு, "உங்கப்பன் எடுத்த மாதிரியே இருக்கு" என்றார்.

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

#17 இருட்டறை

படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி. அந்தப் படத்தை நல்ல தாளில் பிரிண்ட் போட்டு ஆச்சி கையில் கொடு.

பத்தில் மூன்று முன்னும் பின்னுமாகச் சிதறுகிறது என்றால் ஸ்கிரீன் சரியாகிவிட்டது, இனி மிச்சம் இருப்பது கண்ணும் கையும். ஸ்கிரீனைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், டயாப்டர் சக்கரத்திலும் கை பட்டிருக்கும். ஒரு தடவை மறுபடி சுவரைப் பார்த்துச் சரிசெய்துவிடு.